உள்ளே பார்க்கும் யாளி

இந்தக் காலத்து ஜனங்கள் கோவிலுக்கு வருவதே சாமிக்கு முதுகைக் காட்டத்தான். பேருந்தை விட்டு இறங்கியதும் கோபுரத்துக்கு முதுகு. உள்ளே நுழைந்ததும் மண்டபத்துக்கு முதுகு. கையை நீட்டிக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார்கள். பின்னால் ஆயிரம் வருஷத்துக் கல் தேமே என்று நிற்கிறது. கருவறை வாசலில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருப்பதால் அங்கே மட்டும் முகத்தைக் காட்டுகிறார்கள், அதுவும் அரை நிமிஷம். கோவில் எப்படி இருந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கித்தான் தெரிந்துகொள்வார்கள் போல.

இப்படி மனசுக்குள் பொருமிக்கொண்டு, பதினெட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்குக் கடைசி ஆளாக நின்றிருந்தார் செயின்காரர். அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கூடக் கிடையாது. கல்லையும் இரும்பையும் தூக்குகிற செயின் பிளாக்கை இழுத்தே காலம் தள்ளியதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், அந்தப் பெயரைக் கேட்டதும் மனைவியிடம் நகையைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னாராம். செயின்காரரும் போய் விளக்கம் சொல்லவில்லை. பயப்படுகிறவன் கதவைத் தட்டித் தொந்தரவு பண்ண மாட்டான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வரும் வழியில் பேருந்தில் அவர் பக்கத்து இடம் காலி. ஏறும்போது ஓர் அம்மாள், "இங்க யாராவது வராங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் தன் பையை அங்கே வைத்துவிட்டுப் பின்னால் சொந்தக்காரர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணி நேரமும் அந்தப் பைதான் துணை. வளைவு வரும்போதெல்லாம் சரிந்து அவர் தொடைமேல் சாய்ந்தது. அவரும் தள்ளவில்லை.

கோவில் பார்க்கிற ஆசையில் அவர் வரவில்லை. அவருக்கு ஒரே ஒரு தூணின் அடியைப் பார்க்க வேண்டும். தனியாளை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் விடுவார்கள் என்று சொன்னதால் வேண்டாவெறுப்பாக இந்தக் கும்பலில் சேர்ந்தார்.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தைப் பிரித்து மறுபடி கட்டியபோது செயின் இழுத்தவர் அவர். தரை உள்வாங்கி எட்டுத் தூண்களும் சாய்ந்துபோயிருந்தன. நடுவில் நடைபாதை, அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு நாலாகத் தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரே கல். ஒவ்வொன்றின் ஒரு முகத்தில் மட்டும் ஒரு யாளி, வாயைப் பிளந்துகொண்டு வெளிமுற்றத்தைப் பார்த்தபடி செதுக்கப்பட்டிருந்தது. சிற்பம் உடையக் கூடாது என்று தூணைச் சுற்றி வைக்கோல் வைத்துச் சாக்கால் கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு அது ஒரு பெரிய மூட்டை. முன் எது பின் எது என்று பெற்றவளுக்கும் தெரியாது.

அதற்காகத்தான் புள்ளி. தூண் உட்காரும் பீடத்தில் நடைபாதைப் பக்கமாக ஒரு சிவப்புப் புள்ளி, எனாமல் பெயிண்டில். தூணின் அடியில் அதே பக்கமாக இன்னொன்று. திரும்ப இறக்கும்போது புள்ளிமேல் புள்ளி வந்தால் தூண் பழையபடி நிற்கும். கீழ்ப்புள்ளியை முன்கூட்டியே வைத்துவிடலாம். மேல்புள்ளியை அப்படி வைக்க முடியாது; தூணின் அடி முழுக்கச் சுண்ணாம்பு அப்பிக் கிடக்கும். செயினில் அரை அங்குலம் தூக்கி, சுண்ணாம்பு உடைந்து விழுந்து, வெறும் கல் தெரிந்த அந்த நொடியில் வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தூண் கொக்கியில் சுழல ஆரம்பித்துவிடும். அப்புறம் எந்தப் பக்கம் எந்தப் பக்கமோ.

புள்ளி வைக்கிற வேலை அவர் மனைவிக்கு. இறக்கும்போது கடப்பாரையால் அணை கொடுத்துப் புள்ளியைப் புள்ளியோடு சேர்க்கிற வேலை அவருக்கு.

ஏழு தூண் சரியாக நின்றது. ஒன்று திரும்பிக்கொண்டது. அது உட்கார்ந்த அன்று மழை கட்டிக்கொண்டு வந்தது, சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது, எல்லோருக்கும் அவசரம். இறக்கிய கையோடு கொத்தனார், தூணும் பீடமும் சேரும் சந்தில் புள்ளி மறையச் சுண்ணாம்பை அப்பிவிட்டார். மேலே உத்திரமும் ஏற்றியாகிவிட்டது. ஐந்தாம் நாள் சாக்கைப் பிரித்தால், வலது வரிசையில் மூன்றாவது யாளி மட்டும் வெளிமுற்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையைப் பார்த்து நிற்கிறது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. உத்திரத்தை இறக்கிவிட்டு மறுபடி தூக்க நேரமில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் இன்ஜினீயர். சொல்லிவிட்டு, "புள்ளி வெச்சது யாரு?" என்று கேட்டார்.

செயின்காரர் மனைவியைக் காட்டினார்.

அவள் சத்தம் போடவில்லை. சுண்ணாம்பைச் சுரண்டிப் பாருங்கள், புள்ளி எங்கே இருக்கிறதோ அது சொல்லும் என்று மட்டும் கேட்டாள். ஞாயமான பேச்சுதான். யாளிக்குக் கீழேயே இரண்டு புள்ளியும் சேர்ந்திருந்தால் அவள் தப்பு. தூண் சுழன்ற பிறகு வைத்திருக்கிறாள். மேல்புள்ளி மட்டும் யாளியின் முதுகுப்பக்கம் இருந்தால் அவர் தப்பு. புள்ளியைப் பார்க்காமல் இறக்கியிருக்கிறார். ஓர் உளியும் கால் மணி நேரமும் போதும். ஆனால் இன்ஜினீயருக்கு அது தேவைப்படவில்லை. யாரையாவது ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால் போதும், அவளை நிறுத்தினார். அதற்கப்புறம் இரண்டு மாதம் செயின்காரர் தினமும் அந்தத் தூணைக் கடந்துதான் வேலைக்குப் போனார். உளி இடுப்பிலேயே இருந்தது. அவரும் சுரண்டவில்லை.

அவள் பிறகு கட்டட வேலைப் பக்கமே வரவில்லை. ஒரு சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கப் போனாள். ஆனால் வாயை மூடவில்லை. நாற்பது வருஷமும் வீட்டில் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி அந்தத் தூணில்தான் வந்து நிற்கும். குழாயைச் சரியாக மூடவில்லை என்று தொடங்குவாள். மூடினேன் என்பார். "ஆமா, புள்ளிக்குப் புள்ளி வெச்ச மாதிரி மூடினீங்க" என்பாள். அவ்வளவுதான், அன்றைய பொழுது போய்விடும். மகள் எப்போதும் அம்மா கட்சி. கல்யாணமாகித் தூரமாய்ப் போன பிறகும் தொலைபேசியில் அம்மா கட்சிதான்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நாள் மத்தியானம் அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். சண்டைக் குரலில் இல்லை.

"இப்பவாவது சொல்லுங்க, உங்க கை திரும்பிடுச்சுன்னு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"புள்ளி தப்புன்னா தப்புதான்" என்றார் அவர்.

அவள் "சரி" என்றாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தார். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

எட்டு மாதமாகக் குழாய் சொட்டுகிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள், போட்டேன் என்பார். அம்மா இருந்தபோது அவளிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். இவருக்கு மூன்றாவது நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். சில நாள் காலையில் காபி டம்ளரைக் கழுவும்போது அவர் பாட்டுக்கு உரக்க, "நான் பாத்துத்தான்டி இறக்கினேன்" என்று சொல்லிவிட்டு நிற்பார். பதிலுக்கு நிற்கிறோம் என்று உறைத்ததும் அடுத்த டம்ளரை எடுப்பார். அடுத்த டம்ளர் இருக்காது.

அப்படியிருக்கும்போதுதான் தெருமுனை சலூன்காரர் முகம் மழிக்கும்போது செய்தித்தாளை வாசித்துக் காட்டினார். அந்தக் கோவிலில் மேலே மேலே பூசிய சுண்ணாம்பையெல்லாம் உரித்துவிட்டார்களாம். பழைய கல் அப்படியே தெரிகிறதாம். செய்தியோடு ஒரு படமும் இருந்ததாம். செயின்காரர் சோப்பு நுரையோடே, அந்தப் படத்தில் தூணின் அடி தெரிகிறதா என்று கேட்டார். படத்தில் அமைச்சர்தான் தெரிகிறார் என்றார் சலூன்காரர்.

இப்போது வந்தாயிற்று.

வழிகாட்டி நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கழுத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, கையில் மடக்கிய மஞ்சள் குடை. குடையை உயர்த்தினால் எல்லோரும் பின்னால் வர வேண்டும். நிதானமாக, திருத்தமாகச் சொன்னார். வெளிவாசல் யானை நுழைகிற அளவு பெரிது; உள்ளே போகப் போக வாசல்கள் ஒவ்வொன்றாகக் குறுகி, கருவறை வாசலில் ஆள் குனியாமல் நுழைய முடியாது. வெளிச்சமும் அப்படித்தான் படிப்படியாகக் குறையும். மனுஷன் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று கட்டியவர்கள் நினைத்தார்கள் என்றார். கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். உள்ளே போகப் போகக் கல் கனம், அகல வாசல் வைத்தால் மேல்கல் நடுவில் விரிசல் விடும், அதனால் குறுக்கினார்கள் என்பது செயின்காரருக்குத் தெரியும். சொல்லவில்லை. யார் கேட்டார்கள்.

தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே சுண்ணாம்போ சாந்தோ எதுவும் கிடையாது, தூணின் தலையில் சதுர முளை, மேற்கல்லில் சதுரக் குழி, எடையே பிடிப்பு என்று அவர் சொன்னபோது மட்டும் செயின்காரர் நிமிர்ந்து பார்த்தார். சரியாகத்தான் சொன்னார். சதுர முளை நாலு பக்கமும் பொருந்தும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

யாளி மண்டபம் வந்தது. செயின்காரருக்கு ஒரு கண்ணில் புரை, மற்றதில் பாதிப் பார்வை. ஆனாலும் வலது வரிசையில் மூன்றாவதைக் கண்டுபிடிக்கக் கண் தேவையில்லை. கூட்டம் அதன் முன்னால்தான் போய்க் குவிந்தது.

இந்தக் கோவிலின் புகழ்பெற்ற கதை இதுதான் என்று வழிகாட்டி தொடங்கினார். ஒரு காலத்தில் சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல். யார் சொன்னது சரி என்று ஒரு வாக்குவாதம். அம்மன் கோபித்துக்கொண்டு தன் சந்நிதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கிப் போய்க் கூப்பிட மானமும் விடவில்லை. காவலுக்கு நின்ற எட்டு யாளிகளில் ஒன்றைக் கூப்பிட்டு, அவள் வருகிறாளா என்று பார்த்துச் சொல் என்றார். அன்றைக்கு உள்ளே திரும்பிய யாளிதான், இன்னும் நடைபாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பேச்சுவார்த்தை இல்லாத தம்பதிகள் சேர்ந்து வந்து இதன் அடியில் குங்குமம் வைத்தால் பேச்சு திரும்பும் என்பது நம்பிக்கை. ஆயிரம் வருஷமாக மக்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆயிரமா?" என்றார் செயின்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏம்மா, நாற்பத்தோரு வருஷந்தான் ஆகுது. அதை நாங்கதான் திருப்பி வெச்சோம். மத்த ஏழு மாதிரி அதுவும் வெளியதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

பெண்டாட்டியோடு வந்திருந்த ஓர் ஆள், கையில் குங்குமப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே, "பெரியவரே, அந்த மிச்ச ஏழையும் ஒரு கை பாத்திருக்கலாமே" என்றார். சிரிப்பு கிளம்பியது. வழிகாட்டி சிரிக்கவில்லை. ஆனால் அனுபவசாலி; குடையை லேசாக உயர்த்தி, "ஐயா சொல்றதும் ஒரு கதை. இந்த யாளியைப் பத்தி இப்படிப் பல கதை உண்டு" என்று முடித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நகர்ந்தார்.

செயின்காரருக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. வேலை செய்த இடத்தில் சிரிப்பு சகஜம். அந்த ‘ஒரு கதை’தான் எலும்பில் இறங்கியது. அவள் வேலை போனதும், நாற்பது வருஷத்துச் சண்டையும், ஆஸ்பத்திரி மத்தியானமும் பல கதையில் ஒரு கதை. காதில் பூச்சுற்றுகிற கதையும் அதுவும் ஒரே தட்டில்.

கூட்டத்தோடு அவர் போகவில்லை. குங்குமக்காரரும் அவர் மனைவியும் மட்டும் பின்தங்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே குனிந்து ஆளுக்கொரு விரல் குங்குமம் வைத்தார்கள். "கொஞ்சம் தள்ளி வை, என் கைமேல இடிக்குது" என்றார் அவர். "நீங்க தள்ளுங்க" என்றாள் அவள். செயின்காரருக்குச் சட்டென்று அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவர்கள் போகட்டும் என்று தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

போன பிறகு குனிந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார். பீடத்திலும் தூணின் அடியிலும் ஒரே சிவப்பு. சந்தில் சுண்ணாம்பு துளிக்கூட இல்லை, செய்தித்தாளில் சொன்னபடியே உரித்திருந்தார்கள். ஆனால் உரித்த கல்லில் ஆயிரம் விரல் குங்குமம். இதில் எந்தச் சிவப்பு எனாமல், எந்தச் சிவப்பு குங்குமம் என்று அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும். ஆனாலும் யாளிக்குக் கீழே பீடத்துக் கீழ்க்கல்லிலும் சிவப்பு இருக்கிறது, தூணின் மேல்கல்லிலும் சிவப்பு இருக்கிறது. புள்ளிமேல் புள்ளி. பார்த்தியா, என்று வாய்வரை வந்துவிட்டது. அதைச் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது.

வழிகாட்டி திரும்பி வந்தார். கூட்டத்தை டீ குடிக்க அனுப்பிவிட்டாராம், தலையை எண்ணினால் ஒரு தலை குறைந்ததாம். தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, மயக்கமா என்று கேட்டார்.

"கண்ணு சரியில்லம்மா. இங்க என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லு. மறைக்காம சொல்லணும்."

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். செயின்காரர் சொன்னார். சாக்கு, வைக்கோல், அரை அங்குலம், கீழ்ப்புள்ளி, மேல்புள்ளி, யாளிக்குக் கீழே இருந்தால் யார் தப்பு, முதுகில் இருந்தால் யார் தப்பு. யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. வழிகாட்டி ஒலிபெருக்கியைக் கழற்றித் தரையில் வைத்தார். இந்தக் கதை தனக்கு முன்னால் இருந்த வழிகாட்டி சொல்லிக்கொடுத்தது, அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது, ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன் என்றார். சொன்ன விதத்தில் மன்னிப்புக் கேட்கிற தொனி இருந்தது. செயின்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "நீ முதல்ல பாரு" என்றார்.

வழிகாட்டி விரலால் தேய்த்தார், விரல் சிவந்தது. இது குங்குமம் என்றார். அப்படியானால் அதற்கு அடியில் இருக்கும், கழுவு என்றார் இவர். தன் துண்டையே கொடுத்தார். வழிகாட்டி இரு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து துண்டை நனைத்தார். தூரத்தில் நின்ற காவலாளி, கல்லைத் தொடாதீர்கள் என்று கத்தினார். வழிகாட்டி, நான்தான் என்று கையைக் காட்டினார்.

முதலில் கீழ்க்கல். குங்குமம் கரைந்து வழிந்த இடத்தில் ஒரு சிவப்பு மட்டும் வழியவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு. நகத்தால் சுரண்டினார், வரவில்லை.

"இருக்குங்கய்யா. பெயிண்ட்தான்."

"நான் சொல்லல? அதுக்கு நேரா மேல பாரு."

மேல்கல்லைத் துடைத்தார். மறுபடி நனைத்துத் துடைத்தார். துண்டு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கல் வெறுமையாக இருந்தது. ஈரத்தில் கறுத்து, ஒரு கறையும் இல்லாமல். கைபேசி வெளிச்சத்தை அடித்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். செயின்காரர் தன் விரலையும் வைத்துத் தடவினார். வழவழப்பு.

வழிகாட்டி எழுந்து, மண்டபத்துப் படியிறங்கிச் சுற்றிக்கொண்டு வெளிமுற்றத்துக்குப் போனார். மண்டபத்துத் தரை உயரமானதால் வெளியே நின்றால் தூணின் அடி நெஞ்சு உயரத்துக்கு வரும். வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செயின்காரருக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலை குனிந்தது. வெகுநேரம் நிமிரவில்லை.

"ஐயா."

செயின்காரர் ஈரக் கல்லையே இன்னொரு தடவை தடவினார்.

"இங்க இருக்கு. முதுகுப் பக்கம். ஒரே ஒரு புள்ளி."

"குங்குமமா இருக்கும்" என்றார் அவர்.

"இந்தப் பக்கம் யாரும் குங்குமம் வைக்கிறதில்லைங்கய்யா. கதையே அந்தப் பக்கந்தானே."

"யாராவது ஒருத்தன் பக்கம் தெரியாம வெச்சிருப்பான்."

வழிகாட்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது. பிறகு, வரவில்லை, கீழே இருப்பது மாதிரியே நகத்தளவுதான், அதே சிவப்புதான் என்று குரல் வந்தது. அந்தக் குரலில் வெற்றி இல்லை. கண் தெரியாத ஆள் தெருவைக் கடக்கும்போது வண்டி வருகிறது என்று சொல்கிற குரல் மாதிரி இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

எழுந்தார். தூணைப் பிடித்து எழுந்திருக்க வேண்டியிருந்தது, பிடித்தார். சுற்றிக்கொண்டு வெளிமுற்றத்துக்கு வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கி, மூக்கு இடிக்கிற தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். மங்கலாக ஒரு சிவப்பு. பொட்டு மாதிரி வட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு வால் இழுத்திருந்தது. அசையத் தொடங்குகிற கல்லில் அவசரமாக வைத்தால் அப்படித்தான் வால் இழுக்கும். அவள் பிரஷ்ஷைப் பிடிக்கும் விதமே அப்படி, விளக்குமாறு பிடிக்கிற மாதிரி. எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

தொடக் கையைக் கொண்டுபோனார். தொடவில்லை.

"எண்ணெயில குழைச்ச குங்குமம் வருஷக்கணக்கா இருந்தா கல்லோட பிடிச்சுக்கும். உனக்குத் தெரியாது" என்றார். "மேல்புள்ளி அந்தப் பக்கந்தான் இருந்திருக்கும். சுண்ணாம்பு உரிச்சாங்கல்ல, அதோட உரிஞ்சு போயிருக்கும்."

கீழ்ப்புள்ளி உரியவில்லையே என்று வழிகாட்டி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அந்த இடத்தில் விட்டிருக்கவே மாட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கீழ்க்கல்லு என்ன உங்க மாமியார் வீட்டுக் கல்லா என்று ஆரம்பித்திருப்பாள். செயின்காரர் ஒரு நொடி நின்றார். முற்றத்தில் ஒரு குருவி கூட இல்லை.

வழிகாட்டி கைபேசியை எடுத்து, வேண்டுமானால் இதைப் படம் பிடித்துத் தரட்டுமா, வீட்டில் காட்டலாம் என்றார்.

"யார்கிட்ட காட்ட?"

வழிகாட்டி கைபேசியைப் பைக்குள் போட்டார். இனிமேல் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் என்ன என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார், முகத்தில் தெரிந்தது. செயின்காரர் முகத்தை நம்புகிற ஆள் இல்லை. இவரும் நாளைக்கு இதிலே ஒரு மினுக்கு சேர்ப்பார், மறுநாள் இன்னொன்று. பத்து வருஷத்தில் புருஷன் தப்பை ஒத்துக்கொண்டு தூணைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று வந்து நிற்கும்.

"ஒண்ணும் சேர்க்க வேண்டாம். தெரியாத விஷயத்தைச் சொல்லக் கூடாது" என்றார்.

துண்டை வாங்கிப் பிழிந்தார். சிவப்புத் தண்ணீர் கல்லில் சொட்டியது. உதறித் தோளில் போடப் போனவர், சட்டை கறையாகும் என்று கையிலேயே சுருட்டிக்கொண்டார். பேருந்து கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, கூட வருகிறேன் என்றார் வழிகாட்டி. வேண்டாம், வழி தெரியும், இங்கே ஒரு வருஷம் நடந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முற்றம் நீளமானது. வெயிலில் கல் காலைச் சுட்டது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. நடக்க நடக்க வாய் அசைந்துகொண்டே இருந்தது: மழை வந்தது, கொக்கி சுழன்றது, பார்த்துத்தான் இறக்கினேன், நான் பார்த்தேன், பார்க்காமல் எவனாவது மூணு டன் கல்லை இறக்குவானா. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து அடுத்ததுக்கு இடைவெளி விட்டார். இடைவெளியில் செருப்பில்லாத கால் கல்லில் படுகிற சத்தம் மட்டும் வந்தது.

வெளிவாசலில் காவலாளி, யாளியைப் பார்த்தாயிற்றா, குங்குமம் வைத்தாயிற்றா என்று வழக்கம்போலக் கேட்டார்.

"பாத்தேன்" என்றார் செயின்காரர். "அங்க எல்லாமே குங்குமந்தான். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் பேருந்து நின்ற பக்கமாகப் போனார்.